தீவா, நாடா?

கேள்வி: என் மகள் பள்ளிக் கட்டுரையில் 'வீ லிவ் ஆன் மொரீஷியஸ்' என்று எழுதியதை, ஆசிரியை 'இன் மொரீஷியஸ்' என்று திருத்தியிருக்கிறார். டோடோ பறவை பற்றிய பாடத்திலோ 'ஆன் மொரீஷியஸ்' என்றே அச்சாகியிருக்கிறது. எது சரி? — வாசகி, கத்ர் போர்ன்

பதில்: இரண்டும் சரிதான், ஆனால் இரண்டும் ஒரே பொருளைத் தருவதில்லை. ஓர் இடத்தை எல்லைகளுக்குள் அடங்கிய பரப்பாகக் கருதினால் 'இன்', மேலே நிற்கத்தக்க தரையாகக் கருதினால் 'ஆன்', வந்து சேரும் ஒரு புள்ளியாகக் கருதினால் 'அட்' என்று ஆங்கிலம் பிரிக்கிறது. மொரீஷியஸ் என்பது தீவின் பெயர். 1968இல் விடுதலை பெற்ற நாட்டின் பெயரும் அதுவே, அந்த நாட்டில் ரொட்ரிக்ஸ், அகலேகா ஆகிய வேறு தீவுகளும் அடக்கம். குடியிருப்பு, சட்டம், தேர்தல் என்று பேசும்போது நாடே கருத்தில் இருப்பதால் 'இன்' வருகிறது. ஆசிரியை திருத்தியது முறையே. டோடோ வாழ்ந்த காலத்தில் இங்கே நாடு என்று எதுவும் இல்லை. அது இந்தத் தீவில் மட்டுமே வாழ்ந்தது, ரொட்ரிக்ஸில் கூட இல்லை என்று நிலத்தைச் சுட்டவேண்டியிருப்பதால், பாடநூல் 'ஆன்' என்கிறது.

நம் பிள்ளைகள் தடுமாறுவதில் வியப்பில்லை. மேசையில், பையில், பேருந்து நிறுத்தத்தில் என்று மூன்றுக்கும் தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு போதும். அவர்கள் நாளும் கேட்கும் பிரெஞ்சு மொழியிலும் 'அ' என்ற ஒரே சொல் 'அட்', 'இன்', 'டு' ஆகிய மூன்றின் வேலையையும் பல இடங்களில் செய்துவிடுகிறது. ஆகவே, தமிழிலிருந்தோ பிரெஞ்சிலிருந்தோ சொல்லுக்குச் சொல் மாற்றுவதை விடுத்து, இடத்தை எப்படிப் பார்க்கிறோம் என்று முதலில் கேட்கப் பழக்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் ஊரின் கோர் தெ கார்த் மலையிலுள்ள முருகன் கோயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் மலைச்சரிவின் மேல் இருப்பதால் அது 'ஆன் த மவுண்டன்'. தைப்பூசத்தன்று காவடியோடு வாசலில் காத்திருப்பவரும் 'அட் த டெம்பிள்' தான். 'இன் த டெம்பிள்' என்றால் அவர் உள்ளே நுழைந்துவிட்டார் என்று பொருள்.

மருத்துவமனை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'ஷீ இஸ் இன் ஹாஸ்பிடல்' என்றால் அவர் நோயாளியாகச் சேர்க்கப்பட்டிருக்கிறார். 'அட் த ஹாஸ்பிடல்' என்றால் பார்க்கப் போனவராகவோ வேலை செய்பவராகவோ இருக்கலாம். அமெரிக்கர்கள் நோயாளிக்கும் 'இன் த ஹாஸ்பிடல்' என்பார்கள். உங்கள் மகள் எழுதப்போவது கேம்பிரிட்ஜ் தேர்வு என்பதால், 'த' இல்லாத பிரிட்டிஷ் வழக்கையே அவர் பழகிக்கொள்ளட்டும்.