பகடைப் பக்கம்: விசார்டைத் தூங்க விடாதீர்கள்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டர் எடுத்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் கேம்கள் பற்றிய கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் சொல்கிறேன். இந்த முறை வந்தவற்றில் முக்கால்வாசி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பற்றித்தான். வேறு விளையாட்டு ஆடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கும் நடுநடுவே உண்டு.

எங்கள் குழு ஐந்தாம் லெவலுக்கு வந்ததிலிருந்து எங்கள் மந்திரவாதி, அதாவது விசார்ட், ஃபயர்பால் என்ற ஒரே நெருப்பு மந்திரத்தில் சண்டையை முடித்துவிடுகிறான். வாள்வீரனான ஃபைட்டராக ஆடும் நண்பர் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஃபயர்பாலின் பலத்தைக் குறைத்துவிடலாமா?
- வாசகர், கோவை

குறைக்காதீர்கள். அந்த ஆட்டக்காரர் நாலு லெவல் அடிவாங்கிக் காத்திருந்ததே இதற்காகத்தான்.

முதலில் கணக்கு. ஃபயர்பாலின் சேதத்துக்கு எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. இருபது அடி ஆரத்துக்குள் நிற்கிற அத்தனை பேர் மேலும் விழும். ஃபைட்டர் அதே லெவலில் பெரிய வாளால் இரண்டு முறை வெட்டலாம். ஒரு வெட்டுக்கு இரண்டு பகடை, பலத்துக்காகக் கூட்டல் 4, சராசரி 11. இரண்டும் பட்டால் 22, அதுவும் ஒரே ஆள் மேல். இதில் வேடிக்கை, ஆட்டத்தை நடத்துகிறவருக்காக 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பு டன்ஜன் மாஸ்டர் கையேட்டிலேயே, மூன்றாம் நிலை மந்திரம் பலரைத் தாக்குவதாக இருந்தால் ஆறு பகடை போதும் என்று அட்டவணை இருக்கிறது. ஃபயர்பாலுக்கு மட்டும் எட்டு. தெரிந்தே கொடுத்த செல்லம்.

ஆனால் ஐந்தாம் லெவலில் அதைப் போடுவதற்கு ஸ்லாட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, இரண்டே இரண்டு. நடுவில் சற்று உட்கார்ந்து மூச்சு வாங்கினால் இன்னொன்றை மீட்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தாக வேண்டும். வாளுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதே கையேடு ஒரு நாளைக்கு ஆறிலிருந்து எட்டு மோதல் என்று கணக்கு வைத்துத்தான் இந்த இரண்டு பேரையும் சமன் செய்திருக்கிறது. உங்கள் மேசையில் ஒரு நாளைக்கு எத்தனை? என் ஊகம், ஒன்று. விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் கிடைக்கிறது, ஒரு பெரிய சண்டை, பிறகு கூடாரம் அடித்துத் தூக்கம். மாதச் சம்பளம் தினமும் கிடைத்தால் எந்த விசார்ட் சிக்கனம் பார்ப்பான்?

ஆட்டம் முடிகிற நேரத்தில் கதையிலும் ராத்திரி வந்தாக வேண்டும் என்று எந்த ரூலும் இல்லை. அடுத்த வாரம் அதே பிற்பகலில், அதே காயங்களோடு தொடங்குங்கள். எதிரிக்கும் ஓர் அவசரம் இருக்கட்டும். என் மேசையில் உப்பு வியாபாரி ஒருவரைக் கடத்திப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் அவரைப் படகேற்றிவிடுவார்கள். விசார்ட் முதல் வாசலிலேயே இரண்டு ஃபயர்பாலையும் கொளுத்திப் போட்டான், காவல் மேடையே எரிந்தது, எல்லாரும் கைதட்டினோம். மூச்சு வாங்கி மீட்ட மூன்றாவதோடு படகுத்துறைக்கு வந்தால், கொள்ளைக்காரர்களுக்கு நடுவில் வியாபாரியும் அவருடைய இரண்டு கூலியாட்களும் கட்டுண்டு கிடக்கிறார்கள். நெருப்பு ஆள் பார்த்து விழாது. விசார்ட் ஆடுகிற பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டு கட்டம் போட்ட தாளைப் பார்த்தபடியே இருந்தாள். ஃபைட்டர்தான் ஒற்றைப் பலகைப் பாலத்தின் மேல் ஏறி நின்று, வருகிறவனை ஒவ்வொருவனாக வெட்டித் தண்ணீரில் தள்ளினான். ஒரு ரூலையும் நான் மாற்றவில்லை.

எண்ணிலேயே எல்லாரையும் சமமாக்கிவிட முடியாதா என்றால், செய்து பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் விசார்டுக்கும் ஃபைட்டருக்கும் ஏறக்குறைய ஒரே அச்சில் சக்திகள் கொடுத்தார்கள். எல்லாக் கேரக்டரும் ஒரே மாதிரி இருக்கிறது என்று பலர் முகம் சுளித்தார்கள், ஒரு கூட்டம் அடுத்த ஆண்டு வந்த பாத்ஃபைண்டர் என்ற போட்டி விளையாட்டின் பக்கம் போனது. எனக்கு அந்தப் பதிப்பு பிடிக்கும், அதைச் சொன்னால் இன்னும் நாலு கடிதம் வரும்.

ரூல் புத்தகம் ஒன்று சொல்கிறது, கதை வேறொன்று கேட்கிறது. எது ஜெயிக்க வேண்டும்?
- வாசகர், நெல்லை

ஆட்டம் தொடங்கும்போது மேசையில் என்ன பேசி வைத்தீர்களோ அது. பேசவில்லையென்றால் இன்றைக்குப் புத்தகம், டீ குடிக்கும்போது பேச்சுவார்த்தை.

என் தங்கை மகள் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். கூச்ச சுபாவம். அவள் எடுத்ததோ பேச்சாலேயே மயக்கும் பாணன், பார்ட். காவலனிடம் பேசிக் காட்டு என்றால் தலையைக் குனிந்துகொள்கிறாள். பகடையிலேயே விட்டுவிடலாமா?
- வாசகி, தஞ்சாவூர்

ஃபைட்டர் ஆடுகிறவரை எழுந்து பீரோவைத் தூக்கிக் காட்டச் சொல்கிறோமா? குழந்தையை மட்டும் ஏன் படுத்துகிறீர்கள்.

ஆனால் "அவனைச் சம்மதிக்க வைக்கிறேன்" என்று மட்டும் சொல்லி உருட்டினால் அதில் கதை இல்லை. அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதைச் சொல்லி? லஞ்சமா, மிரட்டலா, காவலன் மகளுக்குக் காய்ச்சல் என்று போன வாரம் சந்தையில் கேள்விப்பட்டார்களே, அதுவா? "அவர் பொண்ணுக்கு மருந்து கொண்டுவந்திருக்கோம்னு சொல்றேன்" என்று அவள் முணுமுணுத்தால் போதும். அதை அழகாகச் சொல்வது கேரக்டரின் வேலை. இலக்கு 15, அவளுக்குக் கூட்டல் 5 என்றால், இருபதுமுகப் பகடையில் 10-ஓ அதற்கு மேலோ விழ வேண்டும். 55 சதவீத வாய்ப்பு. மருந்து என்ற யோசனைக்காக அட்வான்டேஜ் கொடுங்கள். இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொண்டால் வாய்ப்பு ஏறக்குறைய 80-க்குப் போய்விடும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மேடைப் பேச்சாளர் மாதிரி முழங்குகிற ஆட்டக்காரரின் கேரக்டருக்குக் கரிஸ்மா, அதாவது வசீகரம், 8 என்றால், தாராளமாகக் கைதட்டுங்கள். அதற்குரிய 1-ஐயும் பகடையிலிருந்து மறக்காமல் கழியுங்கள்.

என் கேரக்டருக்குப் பன்னிரண்டு பக்கம் வரலாறு எழுதிக் கொடுத்தேன். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் முதல் பக்கத்தைக்கூடப் படிக்கவில்லை.
- வாசகர், திருச்சி

நானும் படித்திருக்க மாட்டேன். முதல் லெவல் விசார்டுக்கு உயிர்க்கணக்கான ஹிட் பாயின்ட் 8 இருந்தால் பெரிது. கோப்ளின் என்ற குட்டிப் பூதத்தின் ஒரு வெட்டு சராசரி ஐந்தரை. இரண்டு வெட்டில் உங்கள் பன்னிரண்டு பக்கமும் தரையில் கிடக்கும். 1977-இல் வந்த டிராவலர் என்ற விளையாட்டு இதைவிடக் கொடூரம். அதில் கேரக்டரை உருவாக்கும்போதே, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, பணியில் இருந்தபடி அவர் செத்துப்போகலாம்.

கேம் மாஸ்டருக்கு வேண்டியது நடந்து முடிந்த கதையில்லை, இன்னும் முடியாத ஒரு பாக்கி. என் அக்கா பையன் தன் குள்ளனுக்கு எழுதிக் கொடுத்தது ஒரே வரி: "மாமாவின் கோவேறு கழுதையைச் சொல்லாமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்." அந்த மாமா முதலில் சந்தையில் துரத்தினார், பிறகு வட்டி கேட்டார், இப்போது அவர்கள் கடக்க வேண்டிய சுங்கச்சாவடியில் கணக்கெழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கழுதை எப்போதோ செத்துவிட்டது. அதை மாமாவிடம் யார் சொல்வது என்பதுதான் இப்போது குழுவுக்குள் சண்டை.

புது ஆட்டக்காரரின் கேரக்டர் சாகிற மாதிரி இருந்தது. திரைக்குப் பின்னால் கோப்ளினுக்காக நான் உருட்டியதில் விழுந்த 20-ஐ 12 என்று சொல்லிக் காப்பாற்றினேன். தவறா?
- வாசகர், சேலம்

பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குப் பிடிக்காது. விஷயம் தெரிந்த நாள் முதல், தான் பிழைத்தது சாமர்த்தியத்தாலா உங்கள் தயவாலா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நான் திரையே வைப்பதில்லை, எல்லார் கண்முன்னும்தான் உருட்டுகிறேன்.

விழுந்த பிறகு எண்ணை மாற்றுவதைவிட, பகடையைக் கையில் எடுக்கும் முன்பே யோசித்துக்கொள்ளலாம். இது தோற்றால் என்ன ஆகும்? "கதை அங்கேயே நின்றுவிடும்" என்பதுதான் பதில் என்றால் உருட்டவே வேண்டாம். கொலைகாரனின் கடிதம் பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது, அது கிடைக்காமல் கதை நகராது என்றால், பெட்டி திறக்கட்டும். காவலன் மாடிப்படி ஏறி வருவதற்குள் திறந்ததா என்பதற்கு உருட்டுங்கள். சாவும் அப்படித்தான். இந்தக் கோப்ளின்கள் கொல்வதில்லை, பிடித்துவைத்துப் பணம் கேட்கிறவை என்று முன்னாலேயே முடிவு செய்திருந்தால் அந்த 20 உங்களைப் பயமுறுத்தியிருக்காது. போதாததற்கு ஐந்தாம் பதிப்பில் ஹிட் பாயின்ட் பூஜ்யத்துக்கு வந்ததும் பொதுவாக உயிர் போய்விடாது. மயங்கி விழுந்தபின் டெத் சேவ் என்ற உயிர்பிழைக்கும் உருட்டல் மூன்று தோற்றால்தான் சாவு. கூட இருப்பவர்கள் ஓடிவந்து தூக்க நேரம் இருக்கிறது, அந்த ஓட்டம் நல்ல காட்சியும்கூட.

தோற்றாலும் கதை நிற்கக் கூடாது என்பதை 2010-இல் வின்சென்ட் பேக்கரின் அபோகலிப்ஸ் வேர்ல்ட் என்ற விளையாட்டு ரூலாகவே ஆக்கிவிட்டது. இரண்டு ஆறுமுகப் பகடை. 10-ம் மேலும் என்றால் நினைத்தது நடக்கும். 7 முதல் 9 வரை என்றால் நடக்கும், ஆனால் விலை கொடுக்க வேண்டும். 6-ம் கீழும் என்றால் கேம் மாஸ்டர் பாடு கொண்டாட்டம். கூட்டல் ஏதுமில்லாமல் உருட்டினால், விழக்கூடிய 36 விதங்களில் முறையே 6, 15, 15. கூட்டல் 1 இருந்தால் 10, 16, 10. கொஞ்சம் தேறிய கேரக்டருக்கும் நடுப்பங்குதான் பெரியது.

நான் அதைக் கடன் வாங்கி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலும் போடுகிறேன். அக்கா பையனின் அந்தக் குள்ளன் அறுந்த பாலத்தைத் தாண்டினான், வேண்டியது 15, வந்தது 13. "சங்கிலியைப் பிடிச்சுட்ட. ஆனா ஒரு கை வேணும். விளக்கா, பையா, எதை விடுற?" என்று கேட்டேன். பையில் வரைபடம், விளக்கு போனால் குகை முழுக்க இருட்டு. "சித்தி, கொஞ்சம் இருங்க" என்று கேரக்டர் ஷீட்டைப் புரட்டினான். பிறகு வரைபடத்தை ஒரு தடவை பார்த்து மனப்பாடம் செய்ய நேரம் இருக்குமா என்று கேட்டானே பார்க்கலாம். அதற்கு ஓர் உருட்டல் கொடுத்தேன்.

எங்கள் குழுவில் திருடனாக வரும் ரோக், தன்னோடு வருகிறவர்களின் பணப்பையையே திருடுகிறான். கேட்டால் "என் கேரக்டர் அப்படித்தான்" என்கிறான்.
- வாசகி, சென்னை

அந்தக் கேரக்டர் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அவரே உட்கார்ந்து எழுதியதுதான். கதைக்குள் இடி விழவைத்துப் பழிவாங்காதீர்கள். ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இவனை மற்றவர்கள் இன்னும் ஏன் கூட வைத்திருக்கிறார்கள்? நல்ல பதில் வந்தால் கதைக்கு லாபம். வராவிட்டால் புது ஷீட் ஒன்றை நீட்டுங்கள்.

தமிழில் விளையாட முடியுமா? புத்தகம் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே.
- வாசகர், யாழ்ப்பாணம்

தாராளமாக. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை ரூல்கள் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கின்றன. மூலத்தைக் குறிப்பிட்டு யாரும் தமிழாக்கி வெளியிடலாம். எங்கள் மேசையில் எண்களும் மந்திரப் பெயர்களும் ஆங்கிலம், மற்றதெல்லாம் தமிழ்தான். தமிழில் ஒரு வசதி, வாசலில் நிற்கிறவன் "யாருடா அது" என்றானா "யாருங்க" என்றானா என்பதிலேயே பாதி அறிமுகம் முடிந்துவிடும். காவல் தலைவனிடம் நீங்க, நீங்க என்று குழைந்துகொண்டிருந்த எங்கள் ரோக், கோபத்தில் "நீ என்ன பெரிய" என்று ஆரம்பித்தான். வாக்கியத்தை முடிக்க விடவில்லை, பகடையை எடு என்றேன்.

டைஸ் மேசையை விட்டு உருண்டு கீழே விழுந்தால் செல்லுமா?
- வாசகர், ஈரோடு

தரையில் நின்று எண் தெரிந்தால் செல்லும். ஃபிரிட்ஜுக்கு அடியில் போனால் செல்லாது, 20 என்று படுத்துப் பார்த்துச் சொன்னாலும்.