போர்க்கைதியின் நாட்குறிப்பை வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி: நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் வசிக்கிறேன். என் கணவர் அமெரிக்கர். வட கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த குடும்பம். மாமியார் காலமான பிறகு, அவருடைய அலமாரியில் இருந்த ஒரு பிஸ்கட் டின்னை என் நாத்தனார் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு நாட்குறிப்பும், உறைகளுடன் 11 கடிதங்களும், அமெரிக்க அரசுக்கு விசுவாசமாக இருப்பேன் என்று உறுதிகூறும் அச்சடித்த பிரமாணத் தாள் ஒன்றும் இருக்கின்றன. என் கணவரின் எள்ளுத்தாத்தா அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் சிப்பாயாக இருந்து, 1864 மே முதல் 1865 ஜூன் வரை மேரிலாந்தின் பாயிண்ட் லுக்கவுட் சிறைமுகாமில் இருந்தபோது எழுதியவை அவை. கடிதங்களை லேமினேட் செய்து கூடத்தில் மாட்டவேண்டும் என்கிறார் கணவர். காவலுக்கு நின்ற கறுப்பின வீரர்களைப் பற்றி நாட்குறிப்பில் உள்ள இழிசொற்களைப் படித்துவிட்ட என் 14 வயது மகன், "நாமும் இவர் வம்சம்தானா அம்மா?" என்று கேட்கிறான். அந்தப் பக்கங்களை மட்டும் எடுத்துவிடலாமா என்று எனக்குத் தோன்றுகிறது. சிறைப்பட்டவர் எழுதியது வீட்டில் இருக்கக்கூடாது என்கிறார் என் அப்பா. நான் என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி, கோலாலம்பூர்

பதில்: அன்புள்ள சகோதரி,

லேமினேட் கடைக்குப் போகவிடாமல் உங்கள் கணவரை முதலில் தடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம். சூட்டில் உருகி ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பழைய தாளிலிருந்து சேதமில்லாமல் பிரித்தெடுப்பது பெரும்பாலும் முடியாத காரியம். அந்தக் காலத்துக் கடிதத்தாள் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது என்பதால், பின்னாளில் வந்த மரக்கூழ்த் தாளைவிட நீண்ட ஆயுள் உடையது. நாம் கைவைக்காமல் இருந்தாலே அது இன்னும் பல தலைமுறை நிற்கும். கூடத்தில் மாட்ட ஆசையிருந்தால், நல்ல வண்ணப் படியெடுத்து அதைச் சட்டமிட்டு மாட்டலாம். வெளிச்சம் மையை வெளுக்கச் செய்யும் என்பதால், மூலத்தைச் சுவரில் மாட்டுவதே தவறு.

அடுத்து, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கும் அந்தப் பக்கங்களின் விஷயம். அவற்றை எடுக்காதீர்கள். வெட்டவும் வேண்டாம், மேலே தாள் ஒட்டி மறைக்கவும் வேண்டாம். அந்த மனிதர் ஏன் ஓராண்டுக்கும் மேலாக அங்கே கிடந்தார் என்ற கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது என்பதால் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

1862 ஜூலையில் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் கைதிகளைப் பரிமாறிக்கொள்ள ஓர் உடன்படிக்கை செய்திருந்தன. பிடிபட்டவர்கள் சில வாரங்களிலோ மாதங்களிலோ வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வட மாநிலப் படையில் கறுப்பின வீரர்கள் சேர்க்கப்பட்டதும் நிலைமை மாறியது. பிடிபடும் கறுப்பின வீரர்களைப் போர்க்கைதிகளாக ஏற்கமாட்டோம், தப்பியோடிய அடிமைகளாகவே நடத்துவோம் என்று தென்மாநில அரசு பிடிவாதம் பிடித்தது. எல்லா வீரர்களும் சமமாக நடத்தப்படாவிட்டால் பரிமாற்றம் இல்லை என்று வடக்கு நின்றது. 1863-இல் உடன்படிக்கை முறிந்தது. விடுவிக்கப்படும் தென்மாநிலச் சிப்பாய் மறுபடி துப்பாக்கி தூக்குவான் என்ற வட மாநிலத் தளபதி கிராண்டின் போர்க்கணக்கும் பின்னர் இதில் சேர்ந்துகொண்டது உண்மை. ஆனால் முறிவின் தொடக்கம் நிறம்தான். உங்கள் கணவரின் எள்ளுத்தாத்தா யாரை இழிசொல்லால் எழுதினாரோ, அவர்களை மனிதராக மதிக்க அவருடைய அரசே மறுத்ததால்தான் அவர் அந்தக் கடற்கரை மணலில் கூடாரத்தில் படுத்துக் கிடந்தார். இதை அவர் உணர்ந்திருந்தாரா என்பதை நாட்குறிப்பைப் படித்துத்தான் சொல்லவேண்டும். அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டால் யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. 1864-இன் முற்பகுதியில் பாயிண்ட் லுக்கவுட்டில் காவல் நின்ற படைப்பிரிவுகளில் ஒன்றான 36-ஆவது கறுப்பினக் காலாட்படை, வட கரோலினாவில் திரட்டப்பட்டது. அதாவது கைதியும் காவலரும் ஒரே மாநிலத்து மண்ணைச் சேர்ந்தவர்கள். நேற்றுவரை அடிமையாக இருந்தவர் கையில் இன்று துப்பாக்கி. அதே முகாமில் கைதியாக இருந்த ஜான் ஜேக்கப் ஓமன்ஹவுசர் என்ற வர்ஜீனியாச் சிப்பாய், இந்தத் தலைகீழ் மாற்றத்தையும் முகாமின் அன்றாட வாழ்க்கையையும் வண்ணச் சித்திரங்களாக வரைந்து வைத்தார். அவை இன்று அமெரிக்கக் காப்பகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. அவற்றின் படங்களைத் தேடி எடுத்து, உங்கள் நாட்குறிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடிதங்களைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை. கைதிகளின் கடிதங்கள் பொதுவாக ஒரு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, குடும்ப விஷயங்களை மட்டுமே எழுதவேண்டும், ஒவ்வொன்றையும் அதிகாரி ஒருவர் படித்துப் பார்த்த பிறகே அனுப்புவார் என்பது விதி. ஆகவே "நான் சுகம், குறை ஒன்றுமில்லை" என்ற வரியை அப்படியே நம்பிவிடாதீர்கள். நாட்குறிப்பை யாரும் தணிக்கை செய்யவில்லை. ஒரே தேதியில் எழுதிய கடிதத்தையும் நாட்குறிப்பையும் அருகருகே வைத்து, வீட்டுக்கு எதைச் சொன்னார், தனக்கு மட்டும் எதை வைத்துக்கொண்டார் என்று பாருங்கள். இரண்டும் ஒரே கையெழுத்தில் ஒரே வீட்டில் சேர்ந்திருப்பது அரிது. உங்களிடம் இருப்பதில் உண்மையான செல்வம் அதுவே என்பேன். கடிதத்தில் சொல்லமுடியாத நிலைமை அங்கே இருந்தது. 10,000 பேருக்கென அமைத்த முகாமில் 20,000 பேர் அடைக்கப்பட்ட காலமும் உண்டு. நல்ல குடிநீர் இல்லை, குளிருக்குப் போதிய விறகு இல்லை, 3,000-க்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். கவிஞர் சிட்னி லேனியருக்குக் காசநோய் பிடித்ததும் அந்த முகாமில்தான்.

உறைகளையும் கடிதங்களையும் பிரிக்காதீர்கள். பரிசோதனை முத்திரை விழுந்த கைதி உறைகளுக்குத் தபால்தலை சேகரிப்பவர்களிடம் நல்ல கிராக்கி இருக்கிறது. உறையை மட்டும் வாங்கிக்கொண்டு கடிதத்தைக் கைவிடும் வியாபாரிகளும் உண்டு என்பதால், விற்கும் யோசனை வந்தால் ஆறப்போடுங்கள்.

அந்தப் பிரமாணத் தாளைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். விடுதலையாகும்போது கையெழுத்து வாங்கிய அத்தகைய தாள்களில் ஊர், உயரம், முடியின் நிறம், கண்ணின் நிறம் வரை குறிப்பதுண்டு. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தென்மாநிலச் சிப்பாய்களின் பணிப்பதிவுகள் இருக்கின்றன. எங்கே பிடிபட்டார், எந்த முகாமுக்கு அனுப்பப்பட்டார், எப்போது விடுதலையானார் என்பவை பலருக்கு அவற்றில் பதிவாகியிருக்கும். அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறையின் இணையத் தரவுத்தளத்தில் கட்டணமின்றிப் பெயரைத் தேடி, படைப்பிரிவை உறுதி செய்துகொண்டு பிறகு அங்கே எழுதிக் கேளுங்கள். போருக்குப் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதி, சிறையில் எழுதியதுபோல் வெளியிடப்பட்ட நாட்குறிப்புகள் இரு தரப்பிலும் உண்டு. உங்களுடையதில் பென்சில் மாறுகிறதா, எழுத்து சில நாள் சிறுத்தும் சில நாள் தடுமாறியும் போகிறதா, ரொட்டி, மழை, பரிமாற்ற வதந்தி என்று அலுப்பூட்டும் வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றனவா என்று கவனியுங்கள். அந்த அலுப்பே பெரும்பாலும் நல்ல அறிகுறி. முதலிலிருந்து கடைசிவரை ஒரே மையில், ஒரே ஓட்டத்தில், கதைபோல் சுவையாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

உங்கள் மகனுக்கு நீங்கள் பதில் சொல்வதைவிட அவன் அப்பா சொல்வது நல்லது, ஏனென்றால் அது அவருடைய வழி. ஆம், இவர் நம் முன்னோர், எழுதியது தவறு, பட்ட துன்பமும் உண்மை. இந்த மூன்றையும் ஒன்றை ஒன்று மறைக்காமல் சொல்லட்டும். பதினான்கு வயதுப் பையனுக்கு இது புரியும். எதிர்த்தரப்புச் சிறையின் கதையையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஜார்ஜியாவில் தென்மாநில அரசு நடத்திய ஆண்டர்சன்வில் முகாமில், சுமார் 45,000 வட மாநில வீரர்களில் ஏறக்குறைய 13,000 பேர் இறந்தார்கள். இறந்தவர் பெயர்களைப் பதிவு செய்யும் வேலை தரப்பட்ட டோரன்ஸ் அட்வாட்டர் என்ற இளம் கைதி, முகாம் அதிகாரிகளுக்குத் தெரியாமல் இன்னொரு படியெடுத்துத் தன்னோடு கொண்டுவந்துவிட்டான். 1865 கோடையில் அவனும் போர்க்களத்தில் காயம்பட்டோருக்குத் தொண்டு செய்த கிளாரா பார்ட்டன் அம்மையாரும் அங்கே போனபோது, அந்தப் பட்டியலும் கைப்பற்றப்பட்ட சிறைப் பதிவேடுகளும் இருந்ததால்தான் சுமார் 460 கல்லறைகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பெயர் எழுத முடிந்தது. ஒரு கைதி ஒளித்து வைத்த தாள் இவ்வளவு செய்யும் என்று தெரிந்தால், பையன் அந்த நாட்குறிப்பை வேறு கண்ணோடு பார்ப்பான்.

உங்கள் தந்தையார் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காகப் பெட்டியை வெளியே போட வேண்டியதில்லை. அவர் தலைமுறையில், இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களைப் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் குறைவு. அதே பாதையில் உழைத்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் நாட்குறிப்புகள் பல நாட்டுக் காப்பகங்களில் இருக்கின்றன. நம் ஆட்கள் எழுதிவைத்ததோ மிகச் சொற்பம். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்குத் தெரிந்த பெயர்களை உங்கள் மகனே ஒரு நோட்டில் எழுதிக்கொண்டால் இன்னும் நல்லது.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நம் ஊர் ஈரக்காற்றுதான் முதல் எதிரி. அடுத்தது இராமபாணப் பூச்சி. பிஸ்கட் டின் துருப்பிடிக்கும் என்பதால் அதிலிருந்து எடுத்து, அமிலமற்ற தாளுறைகளில் கடிதங்களை மெல்ல விரித்து வையுங்கள்; மடிப்பில் விறைப்பாக இருந்தால் வலிந்து விரிக்காதீர்கள். கேமராவுக்கென விற்கும் ஈரப்பதம் கட்டுப்படுத்தும் அலமாரி சிறியதாக ஒன்று வாங்கி, அளவை 45 முதல் 50 விழுக்காட்டில் வையுங்கள். ஈரப்பதம் மிகவும் குறைந்துபோனாலும் தாள் விறைத்து எளிதில் உடையும். இரவில் மட்டும் ஏர்கோன் ஓடும் படுக்கையறை, சூடும் குளிரும் மாறி மாறி வருவதால், நல்ல இடமில்லை. செலோடேப், பசை, அந்துருண்டை எதுவும் அருகே வரக்கூடாது; பென்சில் எழுத்தின்மேல் அழிப்பானும் வேண்டாம். கையுறை தேவையில்லை, கழுவி நன்றாக உலர்த்திய கை போதும். சன்னல் ஓரத்து நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் படமெடுத்துவிடுங்கள். பூஞ்சை தெரிந்தால் நீங்களே துடைக்காமல், நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் விசாரித்து, பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள்.

கடைசியில் இவை எங்கே போகவேண்டும் என்று கேட்டால், வட கரோலினாவுக்கு என்பதே என் கருத்து. சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தின் தென்மாநில வரலாற்றுத் தொகுப்பு இத்தகைய குடும்பத் தாள்களுக்கென்றே 1930 முதல் இயங்கி வருகிறது. ராலேயில் மாநில ஆவணக் காப்பகமும் உண்டு. நாத்தனாரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு இரண்டுக்கும் எழுதுங்கள். தொகுப்பை முழுதாக ஏற்பார்களா, எந்தப் பக்கத்தையும் மறைக்காமல் ஆய்வாளர்களுக்குத் தருவார்களா, உங்களுக்குத் தெளிவான மின்படிகள் கிடைக்குமா என்று கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். தபாலில் அனுப்பாதீர்கள். அடுத்த முறை குடும்பத்தோடு அங்கே போகும்போது, கைப்பையிலேயே எடுத்துச் சென்று நேரில் ஒப்படையுங்கள்.