கேமரா யார் பக்கம்?

கேள்வி: ஏனுங்க ஆசிரியரே, ஐபிஎல்லில் தோனி பேடு கட்டாமல் உட்கார்ந்திருந்தாலும் கேமரா அவரையே சுற்றுகிறது. வர்ணனையாளர்களும் பெரிய அணிகளுக்குத்தான் ஏத்துப் பேசுகிறார்கள். கோவை, திருப்பூர், சேலம் அணிகளை யாரும் சீண்டுவதில்லை. இது ஓரவஞ்சனை இல்லாமல் வேறென்னங்க?
– ஒரு வாசகர், காங்கயம்

பதில்: ஓரவஞ்சனை இருக்கிறது. ஆனால் நீங்கள் கை காட்டும் இடத்தில் அது குறைவு.

சென்னை ரசிகரைக் கேட்டால் மைக் பிடித்தவர்கள் எல்லாம் மும்பை ஆட்கள் என்பார். மும்பை ரசிகர் அப்படியே திருப்பிச் சொல்வார். 1951இல் அமெரிக்காவில் பிரின்ஸ்டன், டார்ட்மவுத் கல்லூரி அணிகள் முரட்டுத்தனமாக மோதிய ஆட்டத்தின் படத்தை இரண்டு கல்லூரி மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். டார்ட்மவுத் செய்த தவறுகளை அந்தக் கல்லூரி மாணவர்கள் எண்ணியதைவிட இரு மடங்குக்கு மேல் எண்ணினார்கள் பிரின்ஸ்டன் மாணவர்கள். பார்த்தது ஒரே படம்.

தோனி முகம் வியாபாரம். 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை, டிவியும் டிஜிட்டலும் சேர்த்து, 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. போட்ட பணத்தை விளம்பரத்தில் எடுக்க வேண்டியவர், நம் கை ரிமோட்டுக்குப் போகாமல் தடுக்கும் முகத்தைத்தான் காட்டுவார். எரிச்சலாகத்தான் இருக்கிறது, வாஸ்தவம். அதனால் எந்த அணியும் அழிந்துவிடவில்லை. நீங்கள் சொல்லும் கோவை, திருப்பூர், சேலம் அணிகள் ஆடும் நம்ம டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்களும் தமிழ் வர்ணனையோடு நேரலையில் வருகின்றன. 2025 இறுதி ஆட்டத்தில் திருப்பூர் 220 ரன் குவித்து, திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் சாய்த்ததைக் காங்கயத்தில் உட்கார்ந்தே பார்த்திருக்கலாம்.

எனக்குக் கோபம் வருவது கால்பந்து விஷயத்தில். சென்னை சிட்டி என்று பேர் இருந்தாலும், அப்போது நாட்டின் முதல் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் 2018-19 சீசனில் அந்த அணிக்குச் சொந்த மைதானம் கோவை நேரு ஸ்டேடியம். சீசன் நடுவில், டிசம்பர் கடைசியில், மிச்சமிருந்த ஆட்டங்களில் ஏறக்குறைய பாதிக்கு ஒளிபரப்பு கிடையாது என்றாகிவிட்டது. ஒளிபரப்பு உரிமை ஸ்டார் டிவி கையில். போட்டி கால்பந்து லீக்கான ஐஎஸ்எல்லை நடத்திய நிறுவனத்தில் ரிலையன்ஸோடு பங்குதாரராக இருந்ததும் அதே ஸ்டார். பக்கத்து மில்லில் பங்கு வைத்திருப்பவரிடம் நம் மில் நூலை விற்றுத் தரச் சொன்ன மாதிரி.

டிவியில் ஆட்டம் வராவிட்டால் ஸ்பான்சர் வர மாட்டார். ஸ்பான்சர் இல்லாவிட்டால் ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே திண்டாட்டம். முகத்தைக் காட்டாமல் விடுவதற்கும் ஆட்டத்தையே காட்டாமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அந்த அணி என்ன செய்தது தெரியுமா? 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். ஜெயித்தால் கோப்பை உறுதி. மூன்றாவது நிமிடத்திலேயே எதிரணி மினர்வா பஞ்சாப் கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் கோகுலம் அணியோடு ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே சறுக்கினால் கோப்பை அங்கே போய்விடும் நிலை. இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அப்புறம் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. ஈஸ்ட் பெங்கால் தன் ஆட்டத்தில் வென்றும் ஒரே ஒரு புள்ளியில் கோப்பையை விட்டது. நூறு வயதை நெருங்கிய கொல்கத்தா கிளப்பைக் கோவையில் ஆடிய ஒரு சின்ன அணி முந்திய நாள் அது! நாட்டின் முதல் லீக் என்ற அந்தஸ்து அந்த வருடமே ஐஎஸ்எல்லுக்குப் போய்விட்டது.

உங்கள் கோபத்தை இந்தப் பக்கம் திருப்புங்கள். தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று 2007இலேயே சட்டம் வந்துவிட்டது. எவை அந்த ஆட்டங்கள் என்று அறிவிப்பது மத்திய அரசு. உள்நாட்டு லீக் ஆட்டங்களையும் அதில் சேர்க்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். ஒரு லீக்கில் பங்கு வைத்திருப்பவர் கையில் போட்டி லீக்கின் ஒளிபரப்பைக் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.