பல்லாவரம் சந்தையில் பழைய சாமான்: எதைத் தொடலாம், எதை விடலாம்?

கேள்வி: கல்யாணமாகி இரண்டு மாதம், குரோம்பேட்டையில் வாடகை வீடு. பீரோ, மேசை, மிக்ஸி, தோசைக்கல் எல்லாம் புதிதாக வாங்கினால் கையிருப்பு காலி. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கலாமா? எனக்குப் பார்த்து வாங்கத் தெரியாது. ‘அடுத்தவங்க பொழங்கினது நமக்கு எதுக்கு’ என்று அம்மா வேறு சொல்கிறார்.

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் வாரம் எதுவும் வாங்காதீர்கள், சந்தை கூடும் பழைய டிரங்க் ரோட்டில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சும்மா நடந்துவிட்டு வாருங்கள். ஒரே மாதிரி சாமானுக்கு நாலு பேர் என்ன விலை சொல்கிறார்கள் என்று காதில் விழுந்தாலே பாதி பயம் போய்விடும்.

தோசைக்கல்லில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் புதியதைவிடப் பழையதுதான் மேல் என்று நான் சத்தியம் பண்ணக்கூடிய சாமான் அது. புதுக் கல்லைப் பழக்குவதற்குள் எத்தனை தோசை பிய்ந்து போகும் என்று பழக்கியவர்களுக்குத் தெரியும். சந்தையில் கிடப்பது யாரோ வருஷக்கணக்கில் வார்த்துத் தேய்ந்து வழவழப்பான கல். மேல்துரு இருந்தால் சந்தோஷப்படுங்கள், அதனால்தான் விலை குறைகிறது. விரலால் சுண்டினால் கணீரென்று கேட்க வேண்டும், வார்ப்பிரும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் செத்துப் போயிருக்கும். சமமான தரையில் கவிழ்த்து வைத்து அழுத்துங்கள், ஆடினால் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் இரும்பு நார் போட்டுத் துரு போகத் தேய்த்துக் கழுவி, அடுப்பில் ஈரம் போகக் காயவைத்து, மெல்லிசாக நல்லெண்ணெய் தடவிப் புகை கிளம்பும்வரை சூடாக்கி ஆறவிடுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்தால் கல் மறுபடி பழகிவிடும்.

பீரோ வாங்கும்போது எல்லோரும் கதவையும் கண்ணாடியையும் பார்க்கிறார்கள். நீங்கள் குனிந்து அடித்தட்டைப் பாருங்கள். வீடு துடைக்கிற தண்ணீர் போய்ப் போய் அங்கேதான் முதலில் துரு அரிக்கும், மேலே புது பெயின்ட் அடித்திருந்தாலும் அடியில் கைவிட்டால் பொறுக்கு பொறுக்காக வரும். கதவு சரியாக மூடவில்லை என்றால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், தரை மேடுபள்ளமாக இருந்தாலும் அப்படித்தான் நிற்கும். ஒரு காலுக்கு அட்டையை மடித்துக் கொடுத்துவிட்டு மூடிப் பாருங்கள்.

மரச்சாமானில் நான் ஏமாந்திருக்கிறேன். பளபளவென்று பாலிஷ் போட்ட மேசை, தேக்கு என்றார் விற்றவர், நானும் தலையாட்டிவிட்டு எடுத்து வந்தேன். பத்து நாளில் காலடியில் மாவு மாதிரி தூள் கொட்ட ஆரம்பித்தது. வண்டு துளைத்த ஓட்டைகளை மெழுகால் அடைத்து மேலே பாலிஷ் ஏற்றியிருக்கிறார்கள். அதிலிருந்து பழைய மரத்தில் புதுப் பாலிஷைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம். மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள், டிராயரை முழுசாக உருவி அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், அங்கே யாரும் பாலிஷ் போடுவதில்லை. குண்டூசி முனை அளவு ஓட்டைகளும் தூளும் தெரிந்தால் கிளம்பிவிடலாம். மரத்தூளை ஒட்டிச் செய்த பலகை என்றால், ஓரம் ஈரத்தில் ஊதியிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம், அதில் திருகாணி நிற்காது.

இந்தக் குனிவதும் தட்டுவதும்தான் சந்தையின் ருசியே. ஷோரூமில் நாம் முடிவு பண்ணுவது நிறத்தையும் தவணையையும்தான், மீதியெல்லாம் அவர்கள் முடிவு செய்து வைத்திருப்பார்கள். இங்கே நம் கண்ணும் கையும் சொன்னது சரியாகப் போய், 300 ரூபாய்க்கு எடுத்து வந்த கல்லில் முதல் தோசை பிய்யாமல் எழும்பும்போது வருகிற குஷி இருக்கிறதே, அது மிச்சம் பிடித்த பணத்தில் சேராத தனிக் கணக்கு.

மிக்ஸியை அங்கேயே பிளக்கில் போட்டு ஓட்டிக் காட்டினால் மட்டும் வாங்குங்கள். பிரஷர் குக்கர், கேஸ் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், ஹெல்மெட் இதெல்லாம் கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்துப் புதிதாகத்தான் வாங்க வேண்டும், இதில் பேச்சே கிடையாது. மலிவாக போன் கிடைக்கிறது என்று யாராவது நீட்டினால் *#06# அழுத்தி வருகிற 15 இலக்க எண்ணை, கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு இடம் விட்டுச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிப் பாருங்கள். திருட்டு போன் என்று தெரிந்தே வாங்கினால் வாங்கியவர் மேலும் வழக்கு வரும்.

பேரத்துக்கு என் அப்பாவின் முறையைச் சொல்கிறேன். சென்ட்ரல் பக்கத்தில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில், அதாவது 1985-ல் அது எரிந்துபோவதற்கு முன்னால், அங்கே பழகியவர் அவர். வேண்டிய பொருளைக் கடைசியாகத்தான் கையில் எடுப்பார். அதற்கு முன் வேண்டாத மூன்று பொருளுக்கு விலை கேட்டு முடித்திருப்பார். காலையில் போனால் சாமான் நிறைய இருக்கும், சாயங்காலம் போனால் விலை இறங்கும், இரண்டும் சேர்ந்து கிடைக்காது. மாடிப்படி அகலத்தையும் வாசல் உயரத்தையும் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். பேசி முடிப்பதற்கு முன்பே குட்டி யானை வாடகையையும் ஏற்றுக்கூலியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள், பல பேருக்கு லாபம் கரைவது அங்கேதான்.

அப்புறம் அம்மா. மெத்தை, தலையணை விஷயத்தில் அவர் சொல்வதுதான் சரி, மூட்டைப்பூச்சி வந்தால் லேசில் போகாது. பாத்திரம் அப்படியில்லை. எங்கள் பாட்டி உட்பட எத்தனையோ பேர் பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வர் எடுத்தார்கள், அப்படிக் கைமாறியதுதான் இன்று சந்தையில் கிடக்கிறது. சின்னக் காந்தம் ஒன்று கொண்டு போங்கள், ஒட்டினால் அது பித்தளை இல்லை, இரும்பில் முலாம். உள்ளே ஈயப் பூச்சு தேய்ந்து போயிருந்தால் மறுபடி பூசாமல் புளிப்பு எதுவும் வைக்காதீர்கள், பூசக் கொடுக்கும்போது வெள்ளீயம்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள், காரீயம் விஷம். என்னிடம் உள்ள ஒரு அடுக்கின் விளிம்பில் புள்ளி புள்ளியாக யாருடைய பெயரோ வெட்டியிருக்கிறது, பாதி தேய்ந்துவிட்டது. அழித்துத் தரட்டுமா என்று பாலிஷ் போடுகிறவர் கேட்டார், வேண்டாம் என்றேன். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், பித்தளை பார்க்க உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.