கரண்ட் பில் எகிறுதா? பில் வர்றதுக்கு முன்னாடியே மீட்டரைப் பாருங்க

கேரளாவுல கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கமிருந்தும் இந்தப் பக்கம் தமிழ்நாட்டுல கோபாலபுரம், பொள்ளாச்சியில இருந்தும் வந்த கேள்விகளை ஒண்ணாச் சேத்து எடுத்திருக்கேன். நம்ம ஊர்ல செக்போஸ்ட்டுக்கு அந்தாண்ட அக்கா வீடு, இந்தாண்ட தங்கச்சி வீடுன்னு இருக்குது, ஒருத்தருக்கு கே.எஸ்.இ.பி.ங்கற கேரள மின் வாரியத்தோட பில்லு, இன்னொருத்தருக்கு தமிழ்நாட்டு ஈபி பில்லு, ரெண்டும் ரெண்டு கணக்கு, ஆனா பில்லைப் பாத்ததும் வர்ற பதட்டம் ஒண்ணேதான்.

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில இருக்கோமுங்க. எப்பவும் ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட்டுக்குள்ள வரும், 3,200 சொச்சம் கட்டுவோம். இந்த தடவை 530 யூனிட், பில்லு 4,300 கிட்ட. அம்பது யூனிட்டுக்கா ஆயிரம் ரூபா? போன வருசம் மீட்டரை மாத்தினாங்க, புது மீட்டர் வேகமா ஓடுதுன்னு பக்கத்து வீட்டுல சொல்றாங்க. இதுல ஸ்மார்ட் மீட்டர் வேற வருதாமே?

பதில்: அக்கா, நீங்க சொன்ன கணக்குல மீட்டர் மேல தப்பு இருக்கற மாதிரி தெரியல, நீங்க ஒரு கோட்டைத் தாண்டிட்டீங்க. கே.எஸ்.இ.பி.யில மாசம் 250 யூனிட் வரைக்கும், அதாவது ரெண்டு மாசத்துக்கு 500 வரைக்கும், படிப்படியா ரேட் போடுவாங்க, முதல் அம்பதுக்கு ஒரு ரேட், அடுத்த அம்பதுக்கு இன்னொண்ணு, இப்படி. 250ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அந்தப் படியெல்லாம் போயிரும், முதல் யூனிட்ல இருந்து எல்லாத்துக்கும் ஒரே ரேட். 2025 ஏப்ரல்ல இருந்து வந்த ரேட்ல பாத்தா 500 யூனிட்டுக்கு எனர்ஜி சார்ஜ், அதாவது எரிச்ச யூனிட்டுக்கான காசு மட்டும், 2,865 ரூபா, 502 யூனிட்டுக்கு 3,388 ரூபா. ரெண்டே ரெண்டு யூனிட், 523 ரூபா! அதுக்கு மேல ட்யூட்டிங்கற மின்சார வரி, எரிச்சாலும் எரிக்காட்டியும் வர்ற ஃபிக்ஸட் சார்ஜ், மீட்டர் வாடகைன்னு தனியா வரும். உங்க ஆயிரம் ரூபா போன வழி இதுதானுங்க.

மீட்டர் வேகமா ஓடுதுங்கறதுல பாதி உண்மை இருக்குது. பழைய சக்கர மீட்டர் இருபது முப்பது வருசம் ஓடித் தேஞ்சு போயிருக்கும், செட் டாப் பாக்ஸ், சார்ஜர், வைஃபை பெட்டி மாதிரி சின்னச் சின்ன லோடுக்கெல்லாம் சக்கரம் அசையவே அசையாது. புது மீட்டர் அதையும் விடாம எண்ணும். இத்தனை நாள் கணக்குல வராத கரண்ட் இப்ப வருது, வேகமா ஓடற மாதிரி தோணுது. நிஜமாவே வேகமா ஓடற மீட்டரும் இருக்கத்தான் செய்யும், அதைக் கண்டுபிடிக்கற வழி கீழ சொல்றேன்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தா ரேட் தானா ஏறாது. ஆனா எத்தனை யூனிட்டுங்கறது மட்டுமில்லாம எந்த நேரத்துல எரிச்சீங்கன்னும் அதுல பதிவாகும், அங்கதான் கவனமா இருக்கணும். கேரளாவுல மாசம் 250க்கு மேல போற வீடுகளுக்கு இப்பவே நேரத்துக்கு ஒரு ரேட் வந்தாச்சு, காலையில 6 மணியில இருந்து சாயங்காலம் 6 வரைக்கும் 10 சதவீதம் கம்மி, சாயங்காலம் 6ல இருந்து ராத்திரி 10 வரைக்கும் 25 சதவீதம் கூட. நம்ம பக்கம் தண்ணி ஆழத்துல கிடக்கு, போர் மோட்டார் ஓடற நேரம் ஜாஸ்தி, அந்த மோட்டாரை சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்து போடற பழக்கம் நிறைய வீட்டுல இருக்கு. தயவுசெஞ்சு அதைப் பகலுக்கு மாத்துங்க. வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸும் அப்படித்தான். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வச்சிருந்தா வீட்டுக்கு வந்த உடனே சார்ஜ்ல போடாதீங்க, படுக்கப் போறப்ப பத்து மணிக்கு மேல போடுங்க.

கேள்வி: கோபாலபுரம் எங்க ஊரு. தமிழ்நாடு ஈபி. ரீடிங் எடுக்கறவரு இந்த தடவை ஒரு வாரம் லேட்டா வந்தாரு, 500 தாண்டிருச்சு. எங்களுக்கும் அந்த மாதிரி கோடு இருக்குதுங்களா?

பதில்: இருக்குதுங்க அண்ணா. 2022 செப்டம்பர்ல வந்த ரேட்ல ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம்னு எல்லாருக்கும் தெரியும், 500 தாண்டினா 101ல இருந்து 200 வரைக்கும் கிடைக்கற பாதி ரேட் சலுகை போயிரும்னு பல பேருக்குத் தெரியல. அந்த ரேட்ல 500 யூனிட்டுக்கு 1,725 ரூபா, 510 யூனிட்டுக்கு 2,030 ரூபா. அதுக்கப்புறம் ரேட் ஏறியிருக்கு, 500ங்கற கோடு அங்கேயேதான் இருக்கு. தினம் எட்டு யூனிட் எரிக்கற வீட்டுல அறுபது நாளுக்கு 480, அதே வீட்டுல 67 நாள் கழிச்சு ரீடிங் எடுத்தா 536, நீங்க ஒரு லைட் கூட சேத்துப் போடல, கோடு மட்டும் தாண்டிருச்சு. அதனால போன ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டர்ல குறிச்சு வைங்க, அறுபதாவது நாள் நீங்களே மீட்டரை போன்ல போட்டோ எடுத்து வைங்க, தேதியோட இருக்கும். லேட்டா வந்துதான் 500 தாண்டுச்சுன்னு அந்தப் போட்டோவோட எழுதிக் குடுங்க, வாயில சொல்லிட்டு வந்தா நிக்காது. மின்னகம் 94987 94987ல புகார் பதிஞ்சு நம்பரும் வாங்கிக்குங்க.

கேள்வி: வண்ணாமடையில வீடு. ரெண்டு மாசம் மகள் வீட்டுல கோயமுத்தூர்ல இருந்தோம், ஃப்ரிட்ஜ் தவிர ஒண்ணும் ஓடல. பில்லு 190 யூனிட்னு வந்திருக்கு. எப்படி?

பதில்: அம்மா, சாதாரண ஃப்ரிட்ஜ் அறுபது நாளைக்கு அவ்வளவு இழுக்காது. முதல்ல பில்லுல ரீடிங் எடுத்ததுன்னு இருக்கா, இல்ல வீடு பூட்டியிருந்ததால சராசரி போட்டிருக்காங்களான்னு பாருங்க. பூட்டின வீட்டுக்கு சராசரி போட்டிருந்தா அடுத்த ரீடிங்ல சரியாகணும், அப்ப மறக்காம சரி பாருங்க.

நிஜமாவே ரீடிங்னா எங்காச்சும் கசியுதுன்னு அர்த்தம். என் வீட்டுலயே நடந்துச்சு. ரெண்டு தடவையா பில்லு ஏறிக்கிட்டே வந்துச்சு, யாரு ஏசி போட்டதுன்னு வீட்டுல சண்டை வேற. ஒரு நாள் ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு டார்ச்சோட மீட்டர் பெட்டிக்கு முன்னாடி போய் நின்னேன். சிவப்பு லைட்டு மெதுவா மினுக்கிக்கிட்டு இருந்துச்சு, ஃப்ரிட்ஜும் ரெண்டு ஃபேனும் ஓடுது, சரின்னு விட்டேன். ஒரு கால் மணி நேரம் போயிருக்கும், திடீர்னு லைட்டு படபடன்னு அடிக்க ஆரம்பிச்சுது, மாடியில பிரஷர் பம்ப் உர்ர்னு சத்தம். அரை நிமிசத்துல நின்னுருச்சு. திரும்ப கால் மணி நேரத்துல அதே மாதிரி. யாரும் குழாயைத் திறக்கல. போய்ப் பாத்தா பின்னாடி கக்கூஸ் ஃபிளஷ் டேங்க்ல ரப்பர் வாசர் போயி நூல் மாதிரி தண்ணி இறங்கிக்கிட்டே இருக்கு, பிரஷர் குறையற போதெல்லாம் பம்ப் ஓடுது, கீழ சம்ப்ல இருந்து மேல ஏத்தற ஒரு ஹெச்பி மோட்டாரும் வழக்கத்தை விட அதிகமா ஓடியிருக்கு, அது ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட் கிட்ட. வாசர் மாத்தினேன், அடுத்த பில்லு பழைய இடத்துக்கு வந்துருச்சு.

நீங்களும் இதைச் செய்யுங்கம்மா. மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணுங்க, இன்வெர்ட்டர் இருந்தா அதையும். மீட்டர்ல சிவப்பு லைட்டு மினுக்கறது நிக்கணும், அணைஞ்சிருந்தாலும் சரி விடாம எரிஞ்சாலும் சரி, விட்டு விட்டு மினுக்கக் கூடாது. மினுக்கினா மீட்டருக்கும் மெயினுக்கும் நடுவுல யாரோ ஒயர் எடுத்திருக்காங்க, இல்ல ஒயர்ல லீக், இல்ல மீட்டரே கோளாறு. நீங்க கை வைக்காதீங்க, செக்ஷன் ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. மெயின் ஆஃப்ல நின்னுருச்சுன்னா மெயினைப் போட்டுட்டு உள்ள இருக்கற எம்சிபியை, அதாவது ஒவ்வொரு லைனுக்கும் இருக்கற ட்ரிப் ஸ்விட்சை, ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்க, எதைப் போட்டதும் லைட்டு வேகமாகுதோ அந்த லைன்லதான் விசயம். பழைய வீடுன்னா பாத்ரூம் கீசர், தோட்டத்து லைட்டுக்குப் போற பூமிக்கடி ஒயர், போர் கேபிள் ஜாயிண்ட், இந்த மூணையும் நல்ல எலக்ட்ரீசியனை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. பூமிக்கு இறங்கற கரண்ட் பில்லை மட்டும் ஏத்தாது, ஈரக் காலோட தொட்டவங்க உயிரையும் எடுக்கும், அதனால ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா கட் பண்ற ஸ்விட்ச், இல்லாத வீட்டுல இந்தச் சாக்குல ஒண்ணு வச்சுருங்க.

மீட்டர் நிஜமா வேகமா ஓடுதான்னு பாக்க, மீட்டர் முகப்புல 3200 இல்ல 1600ன்னு ஒரு எண் இருக்கும், ஒரு யூனிட்டுக்கு அத்தனை தடவை மினுக்கும்னு அர்த்தம். மத்த எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு 1000 வாட் வாட்டர் ஹீட்டர் காயிலை வாளித் தண்ணியில முழுசா முக்கிப் போடுங்க, ஓடறப்ப தண்ணியைத் தொடவே கூடாது. 3200 மீட்டர்னா நிமிசத்துக்கு 53 தடவை, 1600னா 27 தடவை வரணும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துல அஞ்சாறு முன்னப்பின்ன இருக்கலாம். 53 வர வேண்டிய இடத்துல 75, 80ன்னு வந்தா மீட்டரை டெஸ்ட் பண்ணச் சொல்லிக் கேக்கலாம்.

கேள்வி: மகள் பேங்க் வேலைக்காக பாட்னாவுல இருக்கா. அங்க ஸ்மார்ட் மீட்டர் ப்ரீபெய்டாம், ரீசார்ஜ் தீந்தா கரண்ட் கட்டாம். பொள்ளாச்சிக்கும் இதே வருமா?

பதில்: மத்திய அரசு 2021ல மின் விநியோகத்தைச் சீராக்கக் கொண்டு வந்த ஆர்டிஎஸ்எஸ் திட்டத்துல ப்ரீபெய்டுதான் சொல்லியிருக்கு, பீகார் அதுல முன்னாடியே இறங்கின மாநிலம். தமிழ்நாட்டுல சென்னை தி.நகர்ல சோதனையா ஸ்மார்ட் மீட்டர் வச்சாங்க, கேரளாவுல தனியார் கம்பெனி காசு போட்டு வசூல் பண்ற முறை வேண்டாம்னு கே.எஸ்.இ.பி.யே செலவு பண்ணி வைக்கற வழியை எடுத்தாங்க. மகள்கிட்ட ரெண்டு விசயம் சொல்லுங்க. வீட்டைப் பூட்டிட்டு ஊருக்கு வந்தாலும் ஃபிக்ஸட் சார்ஜுக்குன்னு பேலன்ஸ் குறையும், அதனால கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் கூடுதலா போட்டுட்டு வரணும். ப்ரீபெய்டுக்கு மாறின வீட்டுல டெபாசிட் கேக்க முடியாது, 2003 மின்சாரச் சட்டம் 47(5)ல இருக்கு, பழைய டெபாசிட் அவங்க பேருல இருந்தா கணக்குல வந்துச்சான்னு கேக்கச் சொல்லுங்க.

கேள்வி: பில்லு தப்புன்னு ஆபீஸுக்குப் போனா, முதல்ல கட்டுங்க அப்புறம் பாக்கலாங்கறாங்க. கட்டலைன்னா ஃபியூஸ் பிடுங்கிருவாங்கன்னு பயமா இருக்கு.

பதில்: இந்தப் பயத்துலதான் பல பேரு வாயை மூடிக்கிட்டு முழுசா கட்டிடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விசயம் இது. மேல சொன்ன 2003 மின்சாரச் சட்டத்துல 56வது பிரிவு பாருங்க, கரண்டை நிறுத்தறதுக்கு முன்னாடி 15 நாள் எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும். பில்லு தப்புன்னு நீங்க ஆட்சேபம் எழுதிக் குடுத்து, கேட்ட தொகை, போன ஆறு மாசச் சராசரி, இது ரெண்டுல எது கம்மியோ அதைக் கட்டினாப் போதும், தகராறு முடியற வரைக்கும் கட் பண்ணக் கூடாது. "ஆட்சேபத்தோட கட்டறேன்"னு லெட்டர்ல எழுதி, நகல்ல சீல் வாங்கிக்குங்க, சீல் இல்லாம வராதீங்க. இன்னொண்ணு, ரீடிங் பொருந்தலைன்னு புகார் குடுத்தா அஞ்சு நாளைக்குள்ள பக்கத்துல இன்னொரு மீட்டர் வச்சு குறைஞ்சது மூணு மாசம் ஒப்பிட்டுப் பாக்கணும்னு 2024ல மத்திய அரசு மின்சார (நுகர்வோர் உரிமைகள்) விதியில சேத்தாங்க. ஆபீஸ்ல அந்த விதியைப் பேரைச் சொல்லியே கேளுங்க. அங்க நடக்கலைன்னா மின் நுகர்வோர் குறைதீர் மன்றம், அதுக்கும் மேல மின்சார ஆம்புட்ஸ்மேன்ங்கற குறைதீர்ப்பு அதிகாரி, ரெண்டு மாநிலத்துலயும் இருக்கு, வக்கீல் இல்லாம நீங்களே வெள்ளைத்தாள்ல எழுதிப் போடலாம், கூடவே மீட்டர் போட்டோவும் சீல் போட்ட நகலும் வைங்க.