பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போவது): கேள்வி-பதில்

கே: செகண்ட்ஸில் மஹிந்திரா தார் ஜீப் என்ன விலைக்கு வாங்கலாம்? (ஓசூர்)

ப: எந்த வருஷம், டீசலா பெட்ரோலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எதுவும் எழுதவில்லை. ஜோசியம்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும்: 2023 முதல் ரியர் வீல் டிரைவ் (பின் சக்கரத்துக்கு மட்டும் சக்தி போகும்) தாரும் வருகிறது. கியர் லீவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் போடும் குட்டி லீவர் இல்லையென்றால் ஃபோர் வீல் விலை கொடுக்காதீர்கள். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கே: மாருதி ஜிம்னி விலை சரிகிறதே, வண்டி சொத்தையா? (திருச்சி)

ப: இல்லை. எர்டிகா, சியாஸில் ஓடிய அதே 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். பார்ட்ஸுக்கு அலைய வேண்டாம். புதுசுக்கே லட்சத்துக்கு மேல் தள்ளுபடி விட்டார்கள், பழசு இறங்கிவிட்டது. வாங்குகிறவருக்குக் கொண்டாட்டம்.

கே: ஏலத்தில் எடுத்த ராணுவ மாருதி ஜிப்ஸி வாங்கலாமா? (வேலூர்)

ப: ஆர்.சி. கைக்கு வரும்வரை அட்வான்ஸாகப் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கே: என் ஜிம்னிக்கு 2 இன்ச் லிஃப்ட் (வண்டியைத் தூக்கும் உயர ஸ்பிரிங்), 235/75 ஆர்15 டயர், புல் பார் (முன்பக்க இரும்புத் தடுப்பு), லைட் பார் (வரிசை விளக்கு) எல்லாம் போட்டிருக்கிறேன். எவ்வளவு கூடக் கேட்கலாம்? (கோவை)

ப: கூடவா? குறைத்துத்தான் கேட்பார்கள். கம்பெனி டயர் 195/80 ஆர்15. உங்களுடையது விட்டத்தில் சுமார் 6 சதவீதம் பெரியது. முன்பு மீட்டர் சரியாகக் காட்டியிருந்தால், இப்போது 100 காட்டும்போது வண்டி 106-ல் போகிறது, இந்த டயரிலேயே 50,000 கி.மீ. என்று காட்டினால் ஓடியது சுமார் 53,000. டயர் எடை கூடினால் வீல் பேரிங் சீக்கிரம் போகும், மேட்டில் ஹாஃப் கிளட்ச் பிடித்துப் பிடித்து கிளட்ச் கருகும். தூக்கிக் கட்டினால் புரொபெல்லர் ஷாஃப்ட் (சக்தியைச் சக்கர அச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) கோணம் மாறி ஜாயின்ட் அடிவாங்கும். லைட் பாருக்காக வயரை வெட்டி இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பதைப் பார்த்தாலே விவரமானவர் நடையைக் கட்டிவிடுவார். புல் பாருக்கு மத்திய அரசு 2017-லேயே தடை போட்டது. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019-ல் சொல்லிவிட்டது. பழைய ஸ்பிரிங், டயர் இருந்தால் திரும்ப மாட்டுங்கள். கழற்றியதைத் தனியாக விற்றால் நாலு காசு தேறும்.

கே: கடல் தண்ணீரில் இறங்கிய வண்டியா என்று எப்படித் தெரியும்? (நாகர்கோவில்)

ப: டார்ச்சோடு அடியில் படுங்கள். சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டுங்கள். செதில் செதிலாக வந்தால் கிளம்பிவிடுங்கள். டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவில் இருக்கும் கியர் பெட்டி) ஆயில் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள். பால் டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. ஃபோர் வீல் போட்டுப் பார்ப்பதை மண் தரையில் செய்யுங்கள், தார் ரோட்டில் வேண்டாம். திருப்பும்போது முன், பின் சக்கரங்களை இணைக்கும் டிரைவ் லைன் முறுக்கிக்கொள்ளும்.