ஆபீஸ் பாஸ்வேர்டுகளையும் சொந்தப் பாஸ்வேர்டுகளையும் ஒரே பாஸ்வேர்ட் மேனேஜரில் வைக்கலாமா?

பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் ஒரே செயலியில் வைக்கலாம். ஒரே கணக்கில் வைக்காதீர்கள்.

"ஆபீஸிலேயே ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள், அதில் தனி ஃபோல்டர் போட்டு என்னுடையதையும் வைத்துக்கொண்டால் போதாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நானும் ஃபோல்டர்தான் போட்டேன். 'சொந்தம்' என்று அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தேன். அந்த வேலையை விட்ட கடைசி நாள், மாலை வரை நேரம் இருக்கிறதே, எல்லாவற்றையும் நிதானமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்துச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கணக்கு மூடிக் கிடந்தது. யார் மேலும் தப்பு சொல்ல முடியாது. வெளியேறுகிறவரின் கணக்கை மூடுவது, ஆபீஸ் கணக்குகளை நிர்வகிக்கும் அட்மினின் வேலை, அவர் அன்றைக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்துவிட்டார். வங்கி, காப்பீடு, சொந்த மின்னஞ்சல் எல்லாம் உள்ளே. சிலவற்றுக்குப் பாஸ்வேர்டை மாற்றலாம் என்று போனால், மாற்றும் இணைப்பு ஆபீஸ் மின்னஞ்சலுக்குப் போனது. அதுவும் போய்விட்டதே! ஒவ்வொன்றாக மீட்க இரண்டு வாரம் ஆனது.

பிறகு இன்னொரு இடத்தில் நானே அட்மின் நாற்காலியில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் ஃபோல்டர் என்பதற்கு அர்த்தமே கிடையாது, கணக்கு யாருடையது என்பதுதான் கணக்கு. உதாரணத்துக்கு, பிட்வார்டன் என்ற பாஸ்வேர்ட் மேனேஜரில் நிறுவனம் கணக்கு மீட்பு வசதியை இயக்கி, நீங்களும் அதில் சேர்ந்திருந்தால், எல்லாவற்றையும் திறக்கும் உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டையே அட்மினால் மாற்ற முடியும். சேமிப்பது எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்று ஆக்கும் ஒரு விதியும் அதில் உண்டு. உங்கள் வங்கிப் பாஸ்வேர்டைப் பார்க்க எந்த அட்மினுக்கும் ஆசை இல்லை. அதன் பொறுப்பு தன் தலையில் வந்து விழ வேண்டாம் என்றுதான் அவரும் நினைப்பார்.

இது உங்கள் பக்க ஆபத்து. எதிர்ப்பக்க ஆபத்தைப் பற்றித்தான் பலர் யோசிப்பதே இல்லை: ஆபீஸ் பாஸ்வேர்ட் உங்கள் சொந்தக் கணக்குக்குள் நழுவி வந்துவிடுவது. 2022-ல் சிஸ்கோ நிறுவனத்துக்குள் ஹேக்கர்கள் நுழைந்தது இப்படித்தான். ஒரு ஊழியரின் சொந்த கூகுள் கணக்கைப் பிடித்தார்கள். குரோமில் அவர் சேமித்த ஆபீஸ் பாஸ்வேர்ட் சிங்க் ஆகி (தானாக நகலாகி) அதில் இருந்தது. பிறகு அனுமதி கேட்டு மேலே மேலே அறிவிப்பு அனுப்பியும், போனில் பேசி ஏமாற்றியும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பையும் தாண்டிவிட்டார்கள். 2023-ல் ஆக்டா நிறுவனத்திலும் கிட்டத்தட்ட இதே கதை. ஆபீஸ் லேப்டாப்பின் குரோமில் ஒரு ஊழியர் தன் சொந்த கூகுள் கணக்கில் நுழைந்திருந்தார், ஒரு சர்வீஸ் கணக்கின் (ஆளுக்கு இல்லாமல் மென்பொருளுக்கான கணக்கு) பாஸ்வேர்ட் அதில் போய்ச் சேமிப்பானது. 134 வாடிக்கையாளர்களின் கோப்புகள் வரை கை நீண்டது. அடையாளச் சரிபார்ப்பையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அது என்பதைக் கவனியுங்கள். அந்த ஊழியர் வேண்டுமென்றே எதுவும் செய்திருக்க வாய்ப்பில்லை. 'சேமிக்கவா?' என்று ப்ரௌசர் கேட்டால் நாம் எல்லோரும் யோசிக்காமல் சரி என்றுதானே அழுத்துகிறோம்?

இரண்டு கணக்கு வைத்தாலும் மாஸ்டர் பாஸ்வேர்ட் ஒன்றாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. இதற்கு உதாரணம், பாஸ்வேர்ட் மேனேஜர் விற்கும் லாஸ்ட்பாஸ் நிறுவனமே. 2022-ல் அதன் மூத்த பொறியாளர் ஒருவருடைய வீட்டுக் கணினியில் தட்டச்சைப் பதிவு செய்யும் நிரல் ஒன்றை ஏற்றி, அவருடைய மாஸ்டர் பாஸ்வேர்டைப் பிடித்தார்கள். அவருடைய சொந்தப் பெட்டகமும் (பாஸ்வேர்டுகள் சேமிப்பாகும் இடம்) ஆபீஸ் பெட்டகமும் அந்த ஒரே பாஸ்வேர்டில் இணைந்திருந்தன. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025-ல் அந்த நிறுவனத்துக்கு அபராதம் போட்டபோது இதைக் குறிப்பிட்டுச் சொன்னது.

இப்போது நான் வைத்திருக்கும் முறை: ஒரே செயலி, இரண்டு கணக்கு. ஆபீஸ் கணக்கு ஆபீஸ் மின்னஞ்சலில், என்னுடையது என் மின்னஞ்சலில். பிட்வார்டனில் ஐந்து கணக்கு வரை ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கலாம். ஒன்பாஸ்வேர்ட் என்ற செயலியில் இரண்டு கணக்கும் ஒரே திரையில் சேர்ந்தே தெரியும். வசதிதான், ஆனால் புதிதாக ஒன்றைச் சேமிக்கும்போது எந்தப் பெட்டகத்துக்குப் போகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் உங்கள் கணினியில் ஒரு கோப்பாக வைக்கும் கீபாஸ்எக்ஸ்சி என்றால் இரண்டு தனித்தனிக் கோப்பு, அவ்வளவுதான். இன்னொன்று, ஒன்பாஸ்வேர்ட், பிட்வார்டன் இரண்டின் பெரிய நிறுவனத் திட்டங்களிலும் ஊழியருக்கு இலவசமாகக் குடும்பக் கணக்கு தருகிறார்கள். பலருக்கு இது தெரியாது, உங்கள் அட்மினைக் கேட்டுப் பாருங்கள். வேலையை விட்டபின் சந்தாவை நீங்கள் கட்ட வேண்டிவரும். உள்ளே இருப்பது உங்களுடையதுதான்.

ஆனால் என் அனுபவத்தில் எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது ப்ரௌசரில் இரண்டு ப்ரொஃபைல், அதாவது ஒரே ப்ரௌசருக்குள் இரண்டு தனி அறை, போட்டதுதான். ஆபீஸ் ப்ரொஃபைலில் ஆபீஸ் கணக்கின் எக்ஸ்டென்ஷன் (ப்ரௌசரில் சேர்க்கும் துணை நிரல்) மட்டும், சொந்த ப்ரொஃபைலில் சொந்தக் கணக்கின் எக்ஸ்டென்ஷன் மட்டும். இரண்டிலும் ப்ரௌசரின் 'பாஸ்வேர்டைச் சேமிக்கவா' வசதியை அணைத்துவிட்டேன். ஒன்றுக்கு நீலம், ஒன்றுக்குப் பச்சை. நிறம் தப்பாக இருந்தால் கை தானாக நிற்கிறது. ஆபீஸ் லேப்டாப்பில் இப்போது என் சொந்தக் கணக்கைத் திறப்பதே இல்லை, தேவைப்பட்டால் போன் இருக்கிறது.

நடுவில் தொங்கும் சில கணக்குகள்தான் தலைவலி. நாளைக்கே வேலையை விட்டால் இது யாரிடம் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பேன், முக்கால்வாசிக்குப் பதில் கிடைத்துவிடும். லிங்க்ட்இன் உங்களுடையது. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலை வைக்கும் கிட்ஹப்பும் பெரும்பாலும் உங்களுடையதுதான், ஒரே சொந்தக் கணக்கை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தச் சொல்லி கிட்ஹப்பே பரிந்துரைக்கிறது, நிறுவனம் அதைத் தன் அமைப்பில் சேர்த்துக்கொள்ளும், பிறகு நீக்கிக்கொள்ளும். அவசரத்துக்கு உங்கள் பெயரில் பதிவு செய்த நிறுவனத்தின் டொமைன் (இணையதளப் பெயர்) மட்டும் உங்களிடம் இருக்கவே கூடாது. அதை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே கலந்து கிடந்தால், வேறு இடத்துக்கு மாற்ற எக்ஸ்போர்ட் செய்யும் சிஎஸ்வி கோப்பில் (வெறும் பட்டியல் கோப்பு) பாஸ்வேர்டுகள் பூட்டில்லாத வெறும் எழுத்தாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் இறக்கினால் அது ஆபீஸின் பேக்கப்புக்கும் போய்ச் சேரலாம். எண்ணிக்கை குறைவென்றால் கையாலேயே மாற்றிவிடுங்கள், மாற்றுகிற சாக்கில் பழைய பாஸ்வேர்டையும் புதுப்பித்துவிடலாம். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் பாஸ்கீ சிஎஸ்வியில் வராது. அந்தந்தத் தளத்தில் நுழைந்து, சொந்தப் பெட்டகத்தில் புதிதாக உருவாக்கிவிட்டுப் பழையதை நீக்குங்கள். மீட்பு மின்னஞ்சலையும் அப்போதே மாற்றிவிடுங்கள், நான் கோட்டைவிட்டது அங்கேதான்.

இரண்டு மாஸ்டர் பாஸ்வேர்ட் நினைவில் நிற்குமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஆபீஸுடையதை மறந்தால் மீட்டுத்தர அட்மின் இருக்கிறார். சொந்தத்தை மறந்தால் பெரும்பாலும் யாரும் இல்லை. அதனால் அதை மட்டும் தாளில் எழுதி வீட்டில் வைத்திருக்கிறேன். முதலில் ஆபீஸ் மேசை இழுப்பறையில்தான் வைத்தேன், நான்கு நாள் கழித்துத்தான் உறைத்தது.